இந்தப் பூங்கா யாருடையது?

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பூங்கா. நான்கு வேப்பமரம், ஒரு சறுக்கு, இரண்டு ஊஞ்சல். ஒரு நாள் ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு குழந்தை விழுந்துவிட்டது. நல்லவேளை, முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அன்றைக்கே ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: "மேற்படி இடம் இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை." சரி, பின்னே யார் கட்டுப்பாட்டில்? அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தமிழ்நாட்டில் 'பூங்காத் துறை' என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவில் தென் கரோலினா, ஆர்கன்சா போன்ற மாநிலங்களில் பூங்காவையும் சுற்றுலாவையும் சேர்த்தே ஒரு துறை பார்த்துக்கொள்கிறது. நம்மிடம் அப்படி இல்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்திய அரசுக்கு எது, மாநிலத்துக்கு எது என்று பிரித்த பட்டியல்களில், 'சுற்றுலா' என்ற சொல்லே தனியாக வராது. நகரப் பூங்காக்கள் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளின் வேலையாக வருகின்றன. காடும் காட்டு விலங்கும் 1976-இல் பொதுப்பட்டியலுக்குப் போயின. ஆக, நீங்கள் பூங்கா என்று நினைத்துப் போய் நிற்கும் இடம் ஏழெட்டு அலுவலகங்களில் எதனுடையதாகவும் இருக்கலாம்.

அனுமதி கேட்க, புகார் சொல்ல, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போக, காணாமல் போன பூங்கா நிலத்தைத் தேட என்று புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதற்குக் கிளம்பினாலும் முதல் வேலை, இடம் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

முதல் படி: டிக்கெட்டைப் படியுங்கள்

டிக்கெட்டை வாங்கியதும் கசக்கிப் பையில் போட்டுக்கொள்வதுதான் நம் பழக்கம். அந்தத் துண்டுச் சீட்டின் தலைப்பில்தான் இடத்தை நடத்துவது யார் என்று அச்சாகியிருக்கும். டிக்கெட் இல்லாத இடமென்றால் நுழைவாயில் பலகை, அதுவும் இல்லையென்றால் திறப்புவிழாக் கல்வெட்டு. கல்வெட்டில் மேலே இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு, கடைசி வரிக்கு வாருங்கள். நிதி எந்தத் திட்டத்தில் வந்தது, வேலையைச் செய்தது எந்தத் துறை என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இதை ஊட்டியில் பழகிப் பார்க்கலாம். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் குடியிருப்பிலிருந்து முப்பது பேரை ஒருமுறை அழைத்துப் போனேன். 'சுற்றுலாத் துறை, ஊட்டி' என்று விலாசமிட்டுச் சலுகைக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வேறு கையில். தாவரவியல் பூங்கா வாசலில் அதைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இது தோட்டக்கலைங்க. நீங்க எழுதிக்கிட்டு வந்திருக்கிறது படகு இல்லத்துக்கு."

பூங்காவைப் பற்றி அவர் சொன்னது சரி. 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்கா இன்று மாநிலத் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறையின் கையில் இருக்கிறது. நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995-இல் தொடங்கிய ரோஜாப் பூங்காவும், குன்னூர் சிம்ஸ் பூங்காவும் அதே துறைதான். ஏரியில் படகு விடுவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். தொட்டபெட்டாவுக்கு ஏறினால் மலை வனத்துறையினுடையது, உச்சியில் இருக்கும் தொலைநோக்கி இல்லம் மட்டும் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது. பைக்காராவில் அணை மின்வாரியத்தினுடையது, அந்தத் தண்ணீரில் ஓடும் படகு கழகத்தினுடையது. மலை ரயில் தெற்கு ரயில்வே. முதுமலையில் யானை பார்க்கப் போகும் வண்டி வனத்துறை. இரண்டு நாள் பயணத்தில் நான்கு நிர்வாகங்களிடம் காசு கொடுத்திருப்பீர்கள். ஒன்றிடம் வாங்கிய சலுகைக் கடிதம் அடுத்ததிடம் செல்லாது.

ஏற்காடும் இதே கதைதான். அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறை, படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம். கொஞ்சம் தள்ளி இருக்கும் ஆர்க்கிட் தோட்டமோ மத்திய அரசின் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தினுடையது.

இரண்டாம் படி: நடத்துபவர் வேறு, நிலத்துக்காரர் வேறு

டிக்கெட் நடத்துபவரைத்தான் காட்டும். நிலம் யாருடையது என்பது தனிக் கேள்வி. கன்னியாகுமரியில் நின்று கடலைப் பாருங்கள். படகை ஓட்டுவது மாநில அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். பாறை நினைவு மண்டபத்தைப் பராமரிப்பது விவேகானந்த கேந்திரம், அது அரசு அமைப்பே இல்லை. பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை அரசு எழுப்பியது. இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தைக் கட்டியது நெடுஞ்சாலைத் துறை. படகு தாமதமானால் பாறையில் இருப்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

நிலத்தின் சொந்தக்காரரைத் தெரிந்துகொள்ள, வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் புல எண்ணை (சர்வே எண்) கொடுத்து 'அ' பதிவேட்டு விவரத்தைப் பாருங்கள். அரசு நிலமா, எந்த வகைப் புறம்போக்கு என்பது அதில் வரும். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ, நகரமாக இருந்தால் நில அளவைப் பிரிவிலோ கேட்க வேண்டும். கேட்கும்போது இடத்தைப் பேச்சில் விவரிக்காமல் செல்பேசி வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். "பிள்ளையார் கோவில் தாண்டி இடது பக்கம்" என்றால் எங்கள் ஊரில் மூன்று இடம் வரும்.

மூன்றாம் படி: யார் யாரிடம் என்ன இருக்கிறது

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒருமுறை படித்து வைத்தால், பலகையில் பெயர் அழிந்த இடத்திலும் ஊகிக்க உதவும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். கதீட்ரல் சாலையில், பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில் 2010-இல் திறந்த செம்மொழிப் பூங்கா தோட்டக்கலைத் துறையினுடையது. கிண்டி தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய சிறுவர் பூங்காவும் வனத்துறையிடம். அண்ணா நகர் கோபுரப் பூங்கா, தியாகராய நகரின் பனகல் பூங்கா ஆகியவை மாநகராட்சியிடம். அடையாற்று முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவை நடத்துவது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை, அதுவும் அரசு அமைப்புதான். வண்டலூர் உயிரியல் பூங்கா வனத்துறையின் கீழ் வந்தாலும், அது உயிரியல் பூங்காவாக இயங்க அங்கீகாரம் தருவது மத்திய உயிரியல் பூங்கா ஆணையம். செவ்வாய்க்கிழமை வண்டலூருக்கு விடுமுறை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் குழந்தைகளோடு போய் வாசலில் நிற்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேட்டூர், வைகை போன்ற அணைப் பூங்காக்கள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. 2021-க்கு முன் அவை பொதுப்பணித் துறையில் இருந்ததால் பழைய பலகைகளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம், குழம்ப வேண்டாம். மாமல்லபுரத்துச் சிற்பங்கள் இந்தியத் தொல்லியல் துறையிடம், அதாவது மத்திய அரசிடம். கோவில் நந்தவனம் அறநிலையத் துறை. ஊராட்சிப் பூங்கா ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வரும்.

அப்புறம் ஒரு முக்கியமான வேறுபாடு. சுற்றுலாத் துறையும் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் ஒன்றல்ல. துறை என்பது அரசு: கொள்கை, விளம்பரம், விழாக்கள், மாவட்டத்துக்கு மாவட்டம் சுற்றுலா அலுவலர். 2023-இல் வந்த சுற்றுலாக் கொள்கை துறை வெளியிட்டது. கழகம் 1971-இல் தொடங்கிய அரசு நிறுவனம். 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகள், முட்டுக்காடு, பிச்சாவரம் போன்ற படகுத் துறைகள், பேருந்துச் சுற்றுலா என்று தன் செலவுக்குத் தானே சம்பாதிக்க வேண்டியது. அறை அழுக்காக இருந்தால் கழகத்திடம் சொல்லுங்கள். உங்கள் ஊர் அருவிக்கு வழிகாட்டிப் பலகை வேண்டுமென்றால் மாவட்டச் சுற்றுலா அலுவலரைப் பாருங்கள், பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருப்பார். வீட்டில் இரண்டு அறையை ஹோம் ஸ்டேயாக விட நினைப்பவர்கள் பதிவு செய்ய வேண்டியதும் துறையிடம்தான். ஆனால் அந்தப் பதிவு மட்டும் போதாது, உள்ளாட்சியின் அனுமதி தனி. மலைப்பகுதி என்றால் கட்டட விதிகளும் கடுமை.

நான்காம் படி: மலைக்குப் போகிறீர்களா?

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். இது எந்தத் துறையும் தானாகக் கொண்டுவந்தது அல்ல, சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலில் வண்டிகளைக் கணக்கெடுக்கத்தான். பிறகு 2025 கோடைக்கு எண்ணிக்கையும் வகுத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இந்த வரம்புகள் பருவத்துக்கு ஏற்ப மாறக்கூடியவை, அதனால் கிளம்பும் வாரத்தில் அரசின் இ-பாஸ் தளத்தைப் பார்த்துவிடுங்கள். பாஸுக்குக் கட்டணம் இல்லை. செல்பேசி எண், வண்டி எண், வரும் தேதி, தங்கும் இடம் இவைதான் கேட்பார்கள். "நான் எடுத்துத் தருகிறேன், இருநூறு ரூபாய்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் பாஸ் வேண்டாம். என்னைக் கேட்டால் மே மாதத்தில் மேட்டுப்பாளையத்தில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுவதே மேல். மலைப்பாதையில் எப்படியும் அதே நெரிசலில்தான் நிற்கப் போகிறீர்கள், பேருந்தில் என்றால் தூங்கலாம்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விஷயத்தில் இரண்டு ஊரும் கண்டிப்பு. சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

மலையேற்றம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வகுத்து, இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலைகளின் பழங்குடி மக்கள். கோடையில் தீ அபாயம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள், பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், இரவில் காட்டுக்குள் கூடாரம்' என்று அழைக்கும் சமூக ஊடக விளம்பரங்களை நம்ப வேண்டாம். மாட்டிக்கொண்டால் அபராதம் கட்டுவது நீங்கள்.

ஐந்தாம் படி: தெருப் பூங்கா, இங்கேதான் சிக்கலே

பெரிய பூங்காக்களுக்கு வேலி உண்டு, ஆள் உண்டு, டிக்கெட் உண்டு. உங்கள் மனைப்பிரிவில் 'பூங்கா' என்று வரைபடத்தில் பச்சை அடித்த இடத்துக்கு இவை எதுவும் கிடையாது. ஆகவே மெல்ல மெல்ல அது கார் நிறுத்தும் இடமாகும். பிறகு ஒரு தகரக் கொட்டகை வரும். பத்து வருடத்தில் "இங்கே பூங்காவா?" என்று கேட்பார்கள்.

விதி இதுதான். சாலைகளைக் கழித்து 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கியே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடமாகவும் தரலாம், அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். ஒதுக்கிய நிலத்தைத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். இதைத்தான் 'ஓ.எஸ்.ஆர். இடம்' என்பார்கள். ஒப்படைத்துவிட்டால் பராமரிப்பு உள்ளாட்சியின் பொறுப்பு. அதை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன.

நீங்கள் கையில் எடுக்க வேண்டிய தாள்கள் இவை. ஒன்று, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடம். அங்கீகாரம் தருவது சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), வெளியே என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). உங்கள் கிரயப் பத்திரத்திலேயே அங்கீகார எண் இருக்கும். இரண்டு, அந்த இடத்துக்கான வில்லங்கச் சான்று. பதிவுத்துறைத் தளத்தில் புல எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அதில் உள்ளாட்சி பெயருக்குத் தானப் பத்திரம் இருந்தால் நிலம் பொதுச்சொத்து, கவலையில்லை. இல்லையென்றால் மனை போட்டவர் வரைபடத்தில் மட்டும் காட்டிவிட்டு ஒப்படைக்காமல் விட்டிருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள். பழைய மனைப்பிரிவுகளில் இது ஏராளம். மூன்று, பட்டா யார் பெயரில் என்பது. பத்திரம் உள்ளாட்சி பெயரிலும் பட்டா பழைய சொந்தக்காரர் பெயரிலும் நிற்பது உண்டு. பின்னாளில் விற்பனை நடப்பது அந்த ஓட்டை வழியாகத்தான்.

எங்கள் தெருப் பூங்காவில் நடந்ததும் இதேதான். பத்திரம் இருந்தது, பட்டா மாறவில்லை. நான் மனு போட்ட அலுவலகம் தன் சொத்துப் பட்டியலைப் பார்த்தது, அதில் இந்த இடம் இல்லை, 'எங்களுடையது அல்ல' என்று எழுதிவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது.

ஆறாம் படி: எங்கே சொல்வது

சின்ன விஷயத்துக்கு நேராகப் பெரிய இடத்துக்குப் போகாதீர்கள். சென்னை மாநகராட்சிப் பூங்கா என்றால் 1913 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். விளக்கு எரியவில்லை, குப்பை, உடைந்த இருக்கை எல்லாம் அதிலேயே முடியும். பதிவு எண் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், எண் இல்லாத புகாரைத் தொடர்ந்து கேட்க வழியில்லை. எந்தத் துறை என்று குழப்பமாக இருந்தால் முதல்வரின் முகவரித் திட்டத்தின் 1100. இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். பல துறை சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு நேரில் போவதுதான் நல்லது, ஏனென்றால் அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். ஊஞ்சல், தெருநாய், கழிவுநீர் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்று மேசைக்கும் சுற்றிவிட்டு எங்கோ தங்கிவிடும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வலுவான வழி உண்டு, கிராம சபை. அது கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பூங்கா நிலத்தை அளந்து வேலி போட வேண்டும் என்று தீர்மானமே போடலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே வீட்டுக்கு வாருங்கள்.

ஏழாம் படி: பத்து ரூபாய் மனு

எதற்கும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டினால் போதும், இணையத்திலும் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

புதியவர்கள் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டியது 6(3) பிரிவு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், "எங்களுடையது அல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மனுவின் கடைசியில் '6(3)-இன்படி மாற்றி அனுப்பவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். யாருடைய பூங்கா என்று கண்டுபிடிக்கும் வேலையை அரசே செய்துவிடும்.

'ஏன் பராமரிக்கவில்லை?' என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்லச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. கோப்பில் இருக்கும் தாளைக் கேளுங்கள். தானப் பத்திர நகல், பராமரிப்பு ஒப்பந்தம் யாருக்கு, கடந்த மூன்று ஆண்டுச் செலவு. 1959-ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லையில் உள்ள இத்தகைய இடங்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது. உங்கள் வார்டுக்கான அந்தப் பட்டியலின் நகலையும் கேளுங்கள். பட்டியல் இருக்கிறதா என்பதே சில இடங்களில் செய்தியாகிவிடும்.

ஆர்வம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது, அதாவது துறைகளுக்கான பணத்துக்குப் பேரவையில் ஒப்புதல் கேட்கும்போது, துறைவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு பேரவையில் வைப்பார்கள், இணையத்தில் தமிழிலேயே கிடைக்கும். புதிய பூங்கா, புதிய படகுத் துறை, பழையதற்கு எவ்வளவு பணம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் எந்தக் குறிப்பைத் திறப்பது என்பதில்தான் வேடிக்கை. ஊட்டித் தாவரவியல் பூங்காவின் கணக்கைச் சுற்றுலாக் குறிப்பில் தேடினால் கிடைக்காது. தோட்டக்கலை வேளாண் துறைக்குள் வருவதால், நெல்லுக்கும் கரும்புக்கும் பக்கத்தில் ரோஜாப் பூ உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊஞ்சலுக்குப் பதில் கிடைக்க இரண்டு மனு, ஒரு மேல்முறையீடு, மொத்தம் ஏழு மாதம் ஆயிற்று. இடம் சொத்துப் பட்டியலில் ஏறி, பட்டா மாறி, ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வெல்டிங் எந்திரத்தோடு வந்து சங்கிலியை மாற்றிவிட்டுப் போனார்கள். போகிற போக்கில் ஒரு பலகையும் நட்டார்கள். இப்போது அதில் யாருடைய பூங்கா என்று எழுதியிருக்கிறது, கீழே தொலைபேசி எண்ணும் இருக்கிறது.